மறுகா

களுவாஞ்சிக்குடிச் சந்தையடியில்
எங்கள் ஸ்டூடியோவுக்கு ஒரேயொரு கறுப்புக் கோட்டு.
அடையாள அட்டைக்கு, கட்டார் விசாவுக்கு,
வங்கி வேலை விண்ணப்பத்துக்கு
இந்தப் பகுதி ஆண்கள் பாதிப்பேர்
அதற்குள் கைவிட்டு நின்றிருக்கிறார்கள்.
ஒருவருக்குத் தோள் தொங்கும், ஒருவருக்குக் கை எட்டாது.
பின்னால் ஊசி குத்திச் சரிக்கட்டுவேன்.
முன்னால் தெரிவதுதானே படம்.

நான் அதைப் போடுவதில்லை.
என் தோளுக்குக் கறுப்பு ஆகாது.
பத்து நிமிஷம் போதும்,
உமி தூற்றின களம் மாதிரி.

"தலை காஞ்சு போச்சு மனே, எண்ணெய வை."
சொல்லாத ஆளில்லை. வைத்தேன்.
தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய்,
அக்கரைப்பற்றிலிருந்து பசீர் நானா கொண்டுவந்த
பச்சை எண்ணெய், போத்தலில் பெயரில்லை.
தேசிக்காய் பிழிந்த அன்று
சொறிந்த இடமெல்லாம் எரிந்து
கிணற்றடியில் துள்ளினேன்.
வெள்ளி பூசியது
திங்கள் மஞ்சள் பொருக்காகி நகத்துக்குள் வந்தது.
மூக்கோரம் சிவப்பு. புருவத்தில் தவிடு.
காதுக்குப் பின்னால் ஆறாத ஒரு வெடிப்பு.
சலூனில் யோகநாதன்
எனக்கென்று ஒரு சீப்பைத் தனியே எடுத்து வைத்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
அந்தச் சீப்பு ஊதா நிறம்.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி, தோல் கிளினிக்,
நம்பர் அறுபத்திரண்டு.
டொக்டர் இரண்டு விரலால் முடியை வகிர்ந்தார்.
"தொத்தாது. ஊத்தையுமில்ல.
எல்லார்ர தலையிலயும் இருக்கிற பூஞ்சணம்தான்,
உங்கட தோலுக்கு அதோட ஒத்துவரல்ல.
எண்ணெய்தான் அதுக்குச் சாப்பாடு."
நான் மாதக்கணக்காய்ப் பந்தி வைத்திருக்கிறேன்.

"கீட்டோகொனசோல் ஷாம்பு. கிழமைக்கு ரெண்டு நாள்.
நுரைச்சு அஞ்சு நிமிஷம் விட்டுக் கழுவுங்க.
ஒரு மாசம்."
"மறுகா?"
"மறுகா கிழமைக்கு ஒருக்கா."
"மறுகா?"
"குறையும். மறுகா வரும்.
வந்தா மறுகா போடுங்க."
சிரிக்கவில்லை.
அறுபத்து மூன்றைக் கூப்பிட்டார்.

கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறும்போது
எனக்குக் கோபம்.
முடியாது என்று கேட்கவா
அரை நாள் சம்பளத்தை விட்டேன்?

ஐந்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று
நுரைக்குள் கண்மூடி நிற்கிறவனைக் கேளுங்கள்.
பக்கத்து வீட்டு மோட்டர் ஓடி நிற்கிறது.
மீன்காரன் ஹோர்ன் அடித்துப் போகிறான்,
இன்றைக்குக் கீரியோ சூடையோ, தெரியாது.
யாரோ ஒரு பிள்ளை ஏழாம் வாய்ப்பாட்டில்
ஏழெட்டு ஐம்பத்தாறில் தடக்கி
திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறது.
அது முடிக்கும்வரை நிற்பேன். பிறகு வாளி.

கச்சான் காற்று அடித்த ஒரு செவ்வாய்,
இறக்காமத்திலிருந்து றிப்கான் என்று ஒருவர்.
விசாப் படம். கோட்டைக் கழற்றித் தரும் முன்
அதன் தோளை ஒரு தட்டுத் தட்டினார்,
உள்ளங்கையால் அல்ல,
விரல்களின் பின்பக்கத்தால்,
வேறெதையோ யோசிப்பதுபோல.
அந்தத் தட்டல் எனக்குத் தெரியும்.
லென்ஸைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

திரையில் அவர் முகத்தைப் பெரிதாக்கினேன்.
மூக்கோரம் என் சிவப்பு.
"அத அழிக்கலாமா?"
"விசாப் படம். கைவைக்க ஏலாது."
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும்.
பிறகு திரையைப் பார்க்காமல்
என் புருவத்தைப் பார்த்துக் கேட்டார்:
"நீங்க என்னத்தப் போடுறீங்க?"

படம் வைக்கும் உறையின் பின்பக்கத்தில் எழுதினேன்.
எண்ணெய் வேண்டாம் என்பதற்குக் கீழே
இரண்டு கோடு.
அவர் வாசித்துவிட்டு, "மறுகா?" என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவருக்கு ஏனென்று விளங்கவில்லை,
ஆனாலும் சிரித்தார்.

வியாழக்கிழமை
கறுப்புச் சேட்டுப் போட்டு வேலைக்குப் போனேன்.
பின்னேரம் நாலு மணிவரை
தாங்கியது.